இரவல் தோலில் ஐந்து வாசனை

ஒரு சென்ட் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, முன்பின் அறியாத ஒருத்தியின் கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் அடித்து முகர்ந்து பார்ப்பீர்களா? மாட்டேன் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். தென்கொரியாவின் பூசான் நகரில், சொம்யோன் நாற்சந்திக்குப் பக்கத்திலுள்ள பெரிய பல்பொருள் அங்காடியின் தரைத்தளத்தில், நல்ல பெண்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவர்கள், வழியில் பசித்த பூனைக்குப் பால் வைக்கிறவர்கள். அவர்கள் கேட்பதுகூட இல்லை. கேட்பதற்கு முன்பே விற்கிற பெண்ணின் கை நீண்டுவிடுகிறது, கூடவே ஒரு சிரிப்பும். நீட்டிய கையை யார் நின்று பார்க்கிறார்கள்?

தாக் மிரான் பார்த்தாள். பார்த்ததற்கு அவளுக்குக் கூலி கிடையாது. அந்தக் கையின்மேல் அடிக்கச் சொல்வதற்குத்தான் கூலி.

மிரான் பள்ளியை விட்ட கையோடு செருப்புத் தொழிற்சாலையில் பசை தடவப் போனவள். வெளிநாட்டுக்காரர்கள் ஓடுவதற்கான காலணிகளை அவள் உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. மிரான் போகவில்லை. கணவன் உல்சானுக்கு வேலை தேடிப் போனான், வேலையோடு வேறொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அதன்பின் பன்றிச் சூப்புச் சோறு விற்கும் கடையில் கொதிக்கிற சட்டிகளைச் சுமந்து சுமந்து முழங்கால் இரண்டும் தேய்ந்தன. இனிமேல் நாள் முழுக்க நிற்கிற வேலை கூடாது என்றார் மருத்துவர். படிக்காத பெண்ணுக்கு நிற்காத வேலை எங்கே கிடைக்கும் என்பதை அவர் மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

கிடைத்தது பொய் வாடிக்கையாளர் வேலை. கடைகள் தங்கள் ஊழியர்களை நம்புவதில்லை. அதனால் ஓர் ஏஜென்சியை அமர்த்துகின்றன. அந்த ஏஜென்சி மிரான் போன்றவர்களை வாடிக்கையாளர் வேடத்தில் அனுப்பும். விற்கிற பெண் சரியாகக் குனிந்து வணங்கினாளா, சிரிப்பு கடைசிவரை நின்றதா, சீண்டினால் முகம் மாறியதா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் அந்தப் பெண் போவாள். கடைப் பெண்கள் தங்களுக்குள் இவர்களைப் பேய் என்பார்கள்.

பெட்ரோல் பங்க்கில் தொடங்கி, கோழி வறுவல் கடைகள் வழியாக மிரான் பெரிய அங்காடிவரை உயர்ந்தாள். ஏஜென்சியில் அவளுக்கு வேலை ஒதுக்கும் பியோன் என்ற இளைஞன், அவள் முகத்தில் பணக்காரக் களை இருப்பதாகச் சொன்னான். இருக்கலாம். ஒட்டக நிறக் கோட்டு மட்டும் தங்கையுடையது. கோழிக் கடைக்குப் பசியோடு போகலாம், சாப்பிடவும் கிடைக்கும். சென்ட் கவுண்டருக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே பூண்டு தொடக் கூடாது, கிம்ச்சி ஊறுகாய் தொடக் கூடாது, மீன் அப்பம் வேகிற வண்டிப் பக்கம் நடக்கவும் கூடாது. பூசானில் பூண்டில்லாமல் இருப்பது ஏறக்குறைய பட்டினி கிடப்பதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் பியோன் அவளைக் கூப்பிட்டு, இதுதான் கடைசி வாய்ப்பு என்பதை மரியாதை குறையாமல் சொன்னான்.

"போன தடவை எல்லாருக்கும் முழு மார்க் போட்டுட்டீங்கக்கா. எல்லாருமே நல்லவங்கன்னா, அப்புறம் கடைக்காரங்க நம்மளை எதுக்கு வச்சிருக்காங்க?"

அதற்கு முன் ஒருமுறை பேசியது எதுவும் சரியாகப் பதிவாகாமல் போயிருந்தது. அதையும் நினைவூட்டினான். பேய்கள் கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். பதிவு இல்லையென்றால், ஏஜென்சியின் கணக்கில் அவர்கள் கடைக்குப் போகவேயில்லை. இன்னொரு முறை தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்றான். அந்த முழங்காலோடு அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

இம்முறை சோதிக்க வேண்டியது தோலை. அந்த அங்காடியில் ஒரு விதி உண்டு. காகிதப் பட்டையில் அடித்துக் காட்டுவது மூக்குக்கு, தோலில் அடித்துக் காட்டுவதுதான் விற்பனைக்கு. வாடிக்கையாளர் தன் கையில் அடித்துக்கொள்ளத் தயங்கினால், விற்கிற பெண் தன் கையைக் கொடுக்க வேண்டும். மிரான் ஐந்து சென்ட் கேட்க வேண்டும். ஐந்தையும் அந்தப் பெண்ணின் கையிலேயே அடிக்கச் சொல்ல வேண்டும். அவளை 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். கடைசியில் ஒன்றும் பிடிக்கவில்லை என்று திரும்ப வேண்டும். அத்தனைக்கும் அவள் முகம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏன் தோல்? ஒரே சென்ட் ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக மணக்கும், அவரவர் உடல் சூட்டுக்கும் எண்ணெய்ப் பசைக்கும் ஏற்ப மாறும், அதனால்தான் தோல் என்கிறார்கள் கடைக்காரர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஒவ்வொருவர் தோலிலும் மாறுகிற வாசனை, விற்கிறவள் கையில் எப்படி மணந்தால் வாங்குகிறவளுக்கு என்ன? இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மணிக்கட்டை முகர்ந்து பார்த்து, ஐம்பது வயதுப் பெண் தன் கழுத்து எப்படி மணக்கும் என்று கண்டுபிடிப்பது எந்த ஊர் விஞ்ஞானம்? அவர்கள் சொல்லும் காரணமே அவர்கள் விதியை உடைக்கிறது. ஆனாலும் விதி நிற்கிறது, ஏனென்றால் அதில் விற்கப்படுவது வாசனை இல்லை. ஒரு மனுஷி உங்களுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்ற சுகம்தான் சரக்கு.

மிரானுக்கு இவ்வளவு விவாதம் ஓடவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, பைக்குள் பதிவை ஓடவிட்டு, உள்ளே போனாள்.

தரைத்தளத்தில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உதட்டுச் சாயக் கவுண்டரைத் தாண்டும்போது அங்கிருந்த பெண் கண்ணாடி மேசையை நகத்தால் இரண்டு முறை தட்டினாள். மிரான் அதைக் கேட்டாள், ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டாள். சென்ட் கவுண்டர் அடுத்தது. அலமாரியில் இருந்தவை எல்லாம் உடை தைத்துப் பெயர் வாங்கிய நிறுவனங்களின் சீசாக்கள். பாரிசில் ஒருவர், மிலானில் ஒருவர், நியூயார்க்கில் ஒருத்தி. அவர்கள் தைத்த கவுனை வாங்க முடியாதவர்கள், அவர்கள் பெயர் ஒட்டிய சீசாவையாவது வாங்கிக்கொள்ளலாம்.

அங்கே நின்ற பெண்ணின் பேட்ஜில் போராம் என்று இருந்தது. கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள். கால் மாற்றி நிற்கும் விதத்திலேயே அவள் காலையிலிருந்து உட்காரவில்லை என்பது முழங்கால் போன மிரானுக்குத் தெரிந்தது. கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. அதன்மேல் பரிசுப்பை அடுக்கியிருந்தார்கள்.

போராம் குனிந்து வணங்கினாள். வெளியே குளிர் ஆரம்பித்துவிட்டதே என்று விசாரித்துவிட்டு, பேரிக்காயும் வெள்ளைப் பூவும் கலந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றை எடுத்துக் காகிதப் பட்டையை நீட்டினாள்.

"பேப்பர்ல வேணாம்," என்றாள் மிரான். "உன் கைல அடி."

போராம் சட்டைக் கையை மடித்தாள். முழங்கைக்குக் கீழே தோல் ஒரே நிறமாக, பொம்மைக் கைபோல இருந்தது. முகத்துக்குப் பூசும் பவுண்டேஷனைக் கைக்குப் பூசியிருந்தாள். சென்ட் தூவல் விழுந்த இடத்தில் அந்தப் பூச்சு கரைந்தது. அடியில் இருந்த தோல் தெரிந்தது. தோல் என்று அதைச் சொல்ல முடியாது. வெடித்து, ஓரமெல்லாம் நீர் கோத்து, பச்சை இறைச்சியாகச் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் பழைய வாசனை போக ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கையைத் துடைக்க வேண்டும், அடுத்தவளுக்கு இடம் காலியாக வேண்டுமல்லவா? மறுபடி சென்ட், மறுபடி ஸ்பிரிட். அதுவும் சாராயம், இதுவும் சாராயம்.

போராமின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கழுத்து நரம்பு மட்டும் ஒரு முறை விம்மித் தணிந்தது.

"எப்படி இருக்கு மேடம்? கொஞ்சம் ஆற விட்டா பூ வாசம் மேல வரும்."

மிரான் குனிந்து முகர்ந்தாள். பூ வாசத்துக்கு அடியில் புண் வாசம் வந்தது. செருப்புத் தொழிற்சாலையில் பசையால் விரல் வெந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அந்த வாசம் தெரியும்.

இரண்டாவது சீசா. எரிந்த சர்க்கரையும் வனிலாவும். போராம் மற்ற கையைத் திறந்தாள். அதிலும் அதே கதை. எங்கே அடிப்பது என்று அவளே ஒரு கணம் தேடி, மணிக்கட்டுக்கு மேலே கொஞ்சம் நல்ல தோலாகப் பார்த்து அடித்தாள். தூவல் தூரத்திலிருந்து வந்தால் நல்ல இடம் கெட்ட இடம் பார்க்காது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது, இமைக்காமல் நின்று அதை உள்ளேயே வாங்கிக்கொண்டாள்.

இன்னும் மூன்று இருந்தது. கேட்காவிட்டால் இந்தச் சோதனைப் பார்வை செல்லாது, கூலியும் கிடையாது. நிறுத்து என்று சொன்னால் அதுவும் பைக்குள் பதிவாகும். பேச வேண்டியதை மட்டும்தான் பேச முடியும்.

அப்போதுதான் மிரானுக்கு ஒன்று உறைத்தது. பதிவுக்குக் காது மட்டும்தான் உண்டு.

"அந்த மூணாவதைக் காட்டு," என்றாள், பைக்குக் கேட்கிற மாதிரி. சீசாவைப் போராமின் கையிலிருந்து தானே வாங்கினாள். தங்கையின் கோட்டுக் கையைச் சுருட்டித் தன் முழங்கையில் அடித்துக்கொண்டாள். உஸ் என்ற சத்தம் யார் கையில் விழுந்தாலும் ஒன்றுதான். "ம். உன் கைல மிளகு மாதிரி வருது. எனக்குப் பிடிக்கல."

போராம் விழித்தாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மிரான் உதட்டில் விரலை வைத்தாள்.

நான்காவதும் மிரானின் கையில்தான். "இது கிழவிங்க போடறது. வேற இல்லையா?" போராமுக்கு இப்போது விளங்கிவிட்டது. "மன்னிக்கணும் மேடம், இது போன வருஷம் வந்ததுதான்," என்று பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டே, சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கினாள். ஐந்தாவது சீசாவுக்குள் இரண்டு பேரும் நாடகக்காரிகள் ஆகிவிட்டார்கள். மிரான் திட்டினாள், போராம் மன்னிப்புக் கேட்டாள், இரண்டு முகத்திலும் சிரிப்பு. அந்த மதியத்தில் போராம் சிரித்தவற்றில் விதிக்கு உட்படாத சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லி மிரான் பையைத் தோளில் மாட்டினாள். வேலை முடிந்தது. யாருக்கும் நட்டமில்லை.

அங்கே எதிர் வரிசையில் தள மேற்பார்வையாளர் நின்றிருந்தார். கறுப்பு சூட்டு, காதில் ஒயர். மிரான் உதட்டில் விரல் வைத்தது அவருக்காக என்று போராம் எடுத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு காது இருப்பது அவளுக்குத் தெரியாது. ஏஜென்சி பதிவு செய்வதை எந்தக் கடைப் பெண்ணுக்கும் யாரும் சொன்னதில்லை. அதனால் அவர் நகரும்வரை காத்திருந்தாள். நகர்ந்ததும் கவுண்டரைச் சுற்றி ஓடிவந்து, மிரானின் பக்கத்தில், பைக்கு மேலேயே குனிந்து பேசினாள்.

"அக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். லிப்ஸ்டிக் கவுண்டர்ல நீங்க வரும்போதே தட்டிட்டாங்க. போன தடவை வந்த அக்கா அஞ்சோட நிறுத்தல, ஏழு அடிக்கச் சொன்னாங்க. உங்களை மறக்க மாட்டேன்கா." பிறகு சிரித்துக்கொண்டே சேர்த்தாள். "அடுத்த தடவை கோட்டு இரவல் வாங்கினா ஷூவையும் சேத்து வாங்கிடுங்க. அதுலதான் மாட்டிக்கிட்டீங்க."

மிரானால் அவள் வாயைப் பொத்த முடியவில்லை. பொத்தினாலும் அதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

மிரான் சுரங்கப்பாதைக் கடைவீதிக்கு இறங்கி, மீன் அப்பம் விற்கிற கடையில் ஒரு தாள் கோப்பை சூப் வாங்கினாள். காலையிலிருந்து காத்திருந்த பூண்டு வாசம் இப்போது மூக்குக்கே எட்டவில்லை. இரண்டு கையிலுமாக மூன்று வெளிநாட்டு வாசனைகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். எல்லாம் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. உங்களை மறக்க மாட்டேன்கா.

அனுப்பினால், பேயும் கடைப் பெண்ணும் கூட்டு என்றாகும். போராம் அன்றைக்கே போவாள், மிரானும் போவாள். அழித்தால், பார்வை செல்லாது. மிரான் மட்டும் போவாள். சூப் ஆறும்வரை அவள் யோசித்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அவ்வளவு நேரமெல்லாம் எடுக்கவில்லை. அழித்துவிட்டு பியோனைக் கூப்பிட்டு, பதிவு மறுபடியும் விழவில்லை என்றாள்.

பியோன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு நாள் உழைத்ததற்கு நன்றி என்றான், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

"அந்தப் பொண்ணு?" என்றாள் மிரான். "அந்தக் கவுண்டர்?"

"அதை நீங்க ஏன் நினைக்கறீங்கக்கா. நாளைக்கு வேற ஆளு போவாங்க. அந்தக் கவுண்டர் பாக்கியா நிக்கக் கூடாதில்ல."

நாளைக்கு வேற ஆளு. நாளைக்கு அந்தக் கையில் இன்னும் ஐந்து. அந்த ஆள் நல்லவளாக இருக்கலாம், அவளுக்கும் வேலை வேண்டுமே. மிரான் தன் வேலையைக் கொடுத்து வாங்கியது ஒரு மதியத்துக்கு மூன்று சீசா, அவ்வளவுதான்.

போராமிடமே திரும்பிப் போய் எச்சரிக்கலாமா என்று நினைத்தாள். எச்சரித்து? நாளைக்கு வருகிறவளிடம் கையை நீட்டாதே என்றா? நீட்டாவிட்டால் மதிப்பெண் போகும். யாரிடம் போய்ச் சொன்னால் இது நிற்கும் என்று யோசித்தபோதுதான், தான் இப்போது பேய் இல்லை என்பது நினைவு வந்தது. பட்டியலில் பெயர் இல்லை. ஒட்டக நிறக் கோட்டு போட்ட ஒரு வாடிக்கையாளர், அவ்வளவே. அந்தக் கட்டடத்தில் வாடிக்கையாளர் குரலுக்கு மட்டும்தான் எல்லோரும் ஓடுவார்கள் என்பதை அவளைவிட யார் அறிவார்?

மேல்தளத்தில், உணவகங்களுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் மையம். அங்கிருந்த இளம்பெண் எழுந்து நின்று வணங்கி, மெத்தென்ற நாற்காலியில் உட்காரவைத்து, தேன் கலந்த யூஜா எலுமிச்சை டீ கொண்டுவந்து வைத்தாள். மிரானுக்குச் சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலையிலும் சூப்புக் கடையிலும் அவள் வாயைத் திறந்து கேட்டது எதுவுமில்லை. இருந்தாலும் சொன்னாள். கீழே சென்ட் விற்கிற பெண்ணின் கை வெந்து கிடக்கிறது, அதன்மேலேயே அடிக்கச் சொல்கிறார்கள், அந்த விதியை எடுத்துவிடுங்கள், காகிதம் இருக்கிறதே, காகிதம் போதும் என்றாள்.

இளம்பெண் முகம் வாடிக் கேட்டாள். உண்மையாகவே வாடியது, அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் இப்படி வருகிறவர்கள் முன் முகம் வாடுவது வேலை.

"உங்களுக்கு இப்படி ஒரு அசௌகரியம் ஏற்பட்டதுக்கு ரொம்ப வருத்தப்படறோம் மேடம்."

"எனக்கு இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கு."

"கண்டிப்பா நடவடிக்கை எடுப்போம் மேடம். எந்தக் கவுண்டர்? பேட்ஜ்ல என்ன பேரு இருந்துச்சு?"

மிரான் சொன்னாள். மருந்து வாங்கிக் கொடுப்பார்கள், இரண்டு நாள் விடுப்புக் கொடுப்பார்கள் என்று நினைத்துச் சொன்னாள். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். போ. ராம்.

மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கே போனாள். கோட்டில்லாமல், தன் சொந்த ஜாக்கெட்டில். கவுண்டரில் வேறொரு பெண் நின்றிருந்தாள். இன்னும் இளையவள், பேட்ஜ் புதிது. போராம் எங்கே என்று மிரான் கேட்டாள்.

"அவங்க நேத்து சாயங்காலமே போயிட்டாங்க மேடம். கையில ஏதோ தோல் நோய். வாடிக்கையாளர் ஒருத்தர் அருவருப்பா இருக்குன்னு புகார் கொடுத்துட்டாங்களாம்."

அருவருப்பு என்ற சொல்லை மிரான் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டது மேல்தளம். போராம் அங்காடியின் ஊழியர்கூட இல்லை. சீசாக்களை இறக்குமதி செய்கிற கம்பெனியின் ஆள். பழுதான சீசாவைத் திருப்பி அனுப்புவது போல அங்காடி அவளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியது, கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. விதி இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கே போனாள், எந்த ஊர்க்காரி என்று புதிய பெண்ணுக்குத் தெரியவில்லை. மிரான் உதட்டுச் சாயக் கவுண்டருக்குப் போய்க் கேட்டாள். அங்கே நின்றவள் மிரானின் காலணியைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எதுக்கு? அவ கை ஆறுனா மறுபடி வந்து மார்க் போடறதுக்கா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு தலை குனிந்து வணங்கினாள். தூரத்தில் மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிரான் சென்ட் கவுண்டருக்கே திரும்பினாள். அங்கே முயல்ரோமக் கழுத்துப்பட்டை போட்ட ஓர் அம்மாள் வந்திருந்தாள். புதிய பெண் சட்டைக் கையை மடித்து நீட்டினாள். வெள்ளைக் கை, ஒரு கீறல் கிடையாது. பேரிக்காயும் வெள்ளைப் பூவும்.

"பேப்பர்ல பாருங்கம்மா," என்றாள் மிரான். "பேப்பர் போதும்."

"உங்களுக்கு என்னங்க? அந்தப் பொண்ணே நீட்டுது."

"நீட்டாட்டி வேலை போயிடும்ங்க. அதான் நீட்டுது."

அம்மாள் ஒரு கணம் அந்தக் கையைக் கையாகப் பார்த்தாள். பார்த்தது பிடிக்காமல், எதுவும் வாங்காமல் நகர்ந்துவிட்டாள். புதிய பெண்ணின் சிரிப்பு போகவில்லை, அதற்குப் பின்னால் இருந்த முகம்தான் வெளுத்தது. உதடு அசையாமல் பேசினாள்.

"மேடம், தயவுசெஞ்சு போயிடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள்."

மிரான் போனாள். மேல்தளத்துக்குப் போனாள். நகரும் படி பழுதுபார்ப்பில் இருந்தது, லிஃப்டில் கூட்டம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அதே இளம்பெண் எழுந்து வணங்கினாள். மறுபடியும் அசௌகரியமா என்று கேட்டாள். அதே நாற்காலி, அதே டீ.

"பேட்ஜ்ல என்ன பேரு மேடம்?"

"பேரு இல்ல. இந்தத் தடவை பேரு சொல்ல மாட்டேன். கை நீட்டச் சொன்னவங்களைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்."

இளம்பெண் கணினியைப் பார்த்தாள். அவள் விரல் பெயர் கேட்கும் கட்டத்தின்மேல் வந்து நின்றது. ஊழியர் பெயர் இல்லாமல் புகாரைப் பதிவு செய்ய வழியில்லை என்று வருத்தத்தோடு விளக்கினாள். விதியின்மேல் புகார் சொல்ல அந்தத் திரையில் இடமே இல்லை. மனிதர்மேல் சொல்லத்தான் இடம் இருந்தது.

"அப்ப இடம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்," என்றாள் மிரான்.

உட்கார்ந்திருந்தாள். கடை மூடும் அறிவிப்பு வந்ததும் வணங்கி வழியனுப்பினார்கள். மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் டீ வரவில்லை. ஒருத்தி உட்கார்ந்தால் பைத்தியம் என்பார்கள், சொல்லியும்விட்டார்கள். சூப்புக் கடையில் உட்கார்ந்தபடி வெங்காயம் உரிக்கிற அரைநாள் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. மீதி அரைநாள் மேல்தளத்தில். போராமைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் புதிய பெண்ணின் கையில், மணிக்கட்டுக்கு மேலே, சிறிதாகச் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. பவுண்டேஷன் பூசினால் தெரியாத அளவுதான் இன்னும்.

அங்கே அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பைத்தியம் என்று ஒருத்தியைச் சொல்லலாம், நூறு பேரைச் சொல்ல முடியாது. ஆகவே இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். சென்னையிலோ மதுரையிலோ சிங்கப்பூரிலோ, உங்கள் ஊர்ப் பெரிய கடையில் ஒரு பெண் உங்களுக்காகக் கையை நீட்டினால், வேண்டாம் என்பதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அவளை நீட்டச் சொன்னவர் உட்கார்ந்திருக்கும் தளத்துக்கு ஏறிப் போங்கள். இந்த விதியை எடுங்கள் என்று சொல்லுங்கள். போகும்போது இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் மிக மரியாதையாகக் கேட்பார்கள், எந்தக் கவுண்டர், பேட்ஜில் என்ன பெயர் என்று. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவள் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.